காய்ந்து வந்த திரி

காதைப் பிடிக்க எனக்கு இரண்டு விதம் தெரியும். மூன்று வயதைத் தாண்டிய பிள்ளை என்றால் மடலை மேலே தூக்கிப் பின்னால் இழுக்க வேண்டும். அதைவிடச் சின்னக் குழந்தை என்றால் கீழே இறக்கிப் பின்னால் இழுக்க வேண்டும். குழந்தையின் காதுக் குழாய் வேறு சாய்வில் இருப்பதால் இந்த ஏற்பாடு. சரியாகப் பிடித்தால் உள்ளே வெளிச்சமும் போகும், மருந்தும் போகும். தப்பாகப் பிடித்தால் மருந்து கழுத்து வழியாகச் சட்டைக்குப் போகும். பள்ளிக்கூட வாத்தியார்களுக்கு மூன்றாவதாக ஒரு விதம் தெரியும். அதனால் காதுக்கு எந்த நன்மையும் கிடையாது.

ஓய்வு பெற்று இத்தனை வருடம் ஆகியும் கை மறக்கவில்லை. இப்போது காஞ்சிபுரத்தில் ஓரிக்கைப் பக்கம் குடியிருக்கிறேன். தெருவில் ஏதாவது ஒரு குழந்தை பாலை வாயில் வாங்கிய உடனே வீறிட்டு அழுது காதைப் பிடுங்கிக்கொண்டால், அதன் தாய் முதலில் கைபேசியைத் தேடுகிறாள், அப்புறம் என்னைத் தேடுகிறாள். இரண்டாவதாகவாவது தேடுகிறாளே என்று திருப்திப்படும் ஆள் நான் இல்லை. பெருமைப்பட எனக்கு இருப்பதே கொஞ்சம் விஷயங்கள். அவற்றை அடக்கத்தோடு மூடிவைக்கும் உத்தேசம் எனக்கு இல்லை.

எழுபதுகளின் கடைசியில் உத்திரமேரூர் பக்கத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸாக இருந்தேன். படித்தது சென்னையில். காது, மூக்கு, தொண்டை வார்டில் நீண்ட நாள் வேலை பார்த்திருந்தேன். உத்திரமேரூர் என்றதும் படித்தவர்கள் எல்லோரும் கல்வெட்டைப் பற்றிப் பேசுவார்கள். யார் தேர்தலில் நிற்கலாம், யார் நிற்கக் கூடாது என்று ஆயிரம் வருடத்துக்கு முன்பே சுவரில் வெட்டிவைத்த ஊர். நடைமுறைகள் மேல் எனக்கிருந்த பக்திக்கு இதைவிடப் பொருத்தமான இடத்துக்கு அரசாங்கம் என்னை அனுப்பியிருக்க முடியாது. என்ன, அந்தச் சுவரில் அழுகிற குழந்தையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

பேசத் தெரியாத குழந்தைக்குக் காது வலிக்கிறது என்று யார் சொல்வது? குழந்தை அழும். அழுகையைக் கேட்டு ஊரே தீர்ப்பு வழங்கும். முதல் தீர்ப்பு உரம் விழுந்துவிட்டது, அதாவது எங்கோ சுளுக்கிக்கொண்டது என்பது. ஒரு புடவையின் இரு முனைகளையும் இரண்டு பெண்கள் பிடித்துக்கொண்டு, குழந்தையை நடுவில் போட்டு இப்படியும் அப்படியும் உருட்டுவார்கள். காது வலிக்கிற குழந்தை உருட்டலில் அழுகையை நிறுத்திவிடும். வலி தீர்ந்ததால் அல்ல, ஆச்சரியத்தால். இரண்டாவது தீர்ப்பு கண் பட்டுவிட்டது என்பது. காதுதான் என்று ஒருவழியாகக் கண்டுபிடிப்பதற்குள் காய்ச்சல் ஏறிப் பாதி வாரம் போயிருக்கும். அதன் பிறகு வைத்தியம் ஆரம்பமாகும். பூண்டு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய், தாய்ப்பால், ஏதோ ஒரு இலைச் சாறு. வீட்டில் சுருட்டுப் பிடிக்கிற பெரியவர் இருந்தால் காதுக்குள் புகையும் ஊதப்படும்.

இதில் ஏழை, பணக்காரர் என்ற வித்தியாசம் இல்லை. நிலபுலன் உள்ள ஒரு வீட்டிலிருந்து வில்வண்டி கட்டிக்கொண்டு வந்து இறங்கிய அம்மாள், தன் பேரனுக்கு ஊரில் யாரும் குணப்படுத்த முடியாத காது நோய் என்று அறிவித்தார். டார்ச்சை அடித்துப் பார்த்தேன். உள்ளே ஒரு முழுப் பூண்டுப் பல் இருந்தது. எண்ணெயோடு சேர்ந்து போயிருக்கிறது. எடுத்துத் தட்டில் வைத்துக் காட்டியபோது, அது எங்கள் ஆஸ்பத்திரிப் பூண்டாக இருக்கலாம் என்பது போல அந்த அம்மாள் என்னைப் பார்த்தார்.

நான் வைத்த சட்டம் எளிமையானது. சமையலறையில் இருக்கும் எதுவும் காதுக்குள் போகக் கூடாது. காதுக்கு வெளியே எது வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள். உப்பை வறுத்துத் துணியில் முடிந்து, சூட்டை உங்கள் முழங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு ஒத்தடம் கொடுங்கள், நானே கொடுத்திருக்கிறேன். குழந்தையைப் படுக்கவைத்துப் பால் புகட்டாதீர்கள், தலையைத் தூக்கிப் பிடியுங்கள். சளி பிடித்த குழந்தை இரண்டாம் நாள் காதைத் தொட்டுத் தொட்டு அழுதால் உருட்டாதீர்கள், தூக்கிக்கொண்டு வாருங்கள். இதைச் சொல்லிச் சொல்லியே என் தொண்டை கட்டியது. ஆனால் இரண்டு வருடத்தில், வலி தொடங்கிய மறுநாளே குழந்தைகள் வர ஆரம்பித்தன. மருந்தும் மாத்திரையும் கொடுத்து, சீழ் வைப்பதற்கு முன்பே பல காதுகளைக் காப்பாற்றினோம். இது பெருமைப்படத் தக்க விஷயம் என்று எந்த அதிகாரியும் சொல்லவில்லை. அதனால் நானே சொல்லிக்கொள்கிறேன்.

எங்கள் டாக்டர் இளைஞர். காஞ்சிபுரத்திலிருந்து பஸ்ஸில் வருவார். பஸ் தாமதமானால் நாட்டின் ஆரோக்கியமும் தாமதமாகும். மற்றபடி நல்லவர். கட்டுப் போடும் அறையில் எனக்கு உதவிக்கு ஒரு பணிப்பெண் இருந்தாள். உள்ளூர்க்காரி. வருகிறவர்கள் எல்லோரையும் கிண்டல் செய்வது தன் வேலையின் ஒரு பகுதி என்று நம்பினாள். அந்த அறையில் அழுத குழந்தைகளைவிட அவளால் சிரித்த தாய்மார்கள் அதிகம் என்பதையும் சொல்ல வேண்டும்.

நடவு தொடங்கிய சமயத்தில் அந்தப் பெண் வந்தாள். ஏரிக்கரைக்குக் கீழே இருந்த காலனியிலிருந்து வந்திருந்தாள். கூலிக்கு நடவு நடுகிறவள். இடுப்பில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தை. கையைப் பிடித்துக்கொண்டு ஆறேழு வயதில் மூத்த பெண். சின்னவளின் வலது காதிலிருந்து சீழ் வழிந்து காய்ந்து, கன்னம் வரை பொருக்காக இருந்தது. நான் சின்னவளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பெரியவள் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தை அல்ல, வாயை. யார் பேசினாலும் அவள் கண் அவர்கள் உதட்டுக்குப் போனது. அவளுக்குக் காது கேட்காது என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் தாய் சொன்னாள்.

"பெரியவளுக்கு மணல்வாரி அம்மை போட்டுச்சும்மா. எறங்கினதும் ரெண்டு காதும் இப்டித்தான் வழிஞ்சிது. கெட்டது வெளிய போவுது, வழியட்டும்னாங்க. வுட்டுட்டேன். இப்ப கூப்டா திரும்பமாட்டா. பசங்க டமாரம் டமாரம்னு கத்துதுங்க, அதுவும் அவளுக்குக் கேக்கல. இவ இப்பதான் அத்த, மாமன்னு சொல்லிக்கினு வரா. இவ காதையாவது நிறுத்திக் குடும்மா."

அவள் கேட்டது அவ்வளவுதான். வழிகிற காது நிற்க வேண்டும், கேட்கிற காது தங்க வேண்டும்.

டாக்டர் பார்த்துச் சொட்டு மருந்து எழுதினார். செவிப்பறையில் ஓட்டை விழுந்து வழிகிற காதுக்கு மருந்து பாதிதான் வைத்தியம். முக்கால்வாசி வைத்தியம் காதை உலர்த்துவது. கணக்கு உதைக்கிறது என்று தெரியும், ஆனால் உண்மை அப்படித்தான். சீழ் நிற்கிற காதில் மருந்து விட்டால் அது சீழின் மேல் மிதக்கும். அதனால் துணியைத் திரியாக முறுக்கி உள்ளே விட்டு, ஈரத்தை உறிஞ்ச வைத்து எடுக்க வேண்டும். எடுத்த திரியை எறிந்துவிட்டு இன்னொன்று விட வேண்டும். திரி காய்ந்து வரும்வரை இப்படியே செய்ய வேண்டும். காய்ந்து வந்த பிறகுதான் மருந்து. பிறகு காதுக்கு முன்னால் இருக்கும் சின்ன மடிப்பை மெதுவாக அழுத்திவிட்டு, குழந்தையைச் சிறிது நேரம் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். எண்ணெய் கூடாது. ஏரியில் முக்கக் கூடாது.

அவளுக்கு எல்லாவற்றையும் செய்து காட்டினேன். நான் விட்ட பஞ்சுத் திரி சொட்டச் சொட்ட நனைந்து வந்தது. வீட்டில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவு, சுத்தமான துணியாக எடு, கொதிக்க வைத்து வெயிலில் காயப் போடு, என்றேன். சுவரில் தொங்கிய அரசாங்க அட்டையிலும் சுத்தமான துணி என்றுதான் அச்சடித்திருந்தார்கள். திருப்பிச் சொல்லச் சொன்னேன். ஒரு படி கூட விடாமல் திருப்பிச் சொன்னாள். எங்கள் பயிற்சிப் பள்ளியில் இருந்திருந்தால் அவளுக்கு முதல் மார்க் போட்டிருப்பார்கள்.

அடுத்த வாரம் வந்தாள். காது வழிந்துகொண்டுதான் இருந்தது. உலர்த்தினாயா என்று கேட்டேன். காலையில், மத்தியானம் நடவிலிருந்து வந்ததும், சாயங்காலம் என்று மூன்று வேளையும் செய்ததாகச் சொன்னாள். திரி எப்படி வந்தது என்று கேட்டேன். காய்ந்துதான் வந்தது, முதல் திரியே காய்ந்து வருகிறது, அதனால் உடனே மருந்து விட்டேன் என்றாள். நான் திரி விட்டுப் பார்த்தேன். நனைந்து வந்தது. அதற்கடுத்த வாரமும் இதே கதை. அவளுடைய திரி காய்ந்து வருகிறது, என்னுடைய திரி நனைந்து வருகிறது.

பணிப்பெண்ணுக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மே, நர்சம்மா காதுலயே பூ சுத்தறியா?"

"பூ சுத்த எனுக்கு நேரம் ஏது? திரி சுத்தவே நேரம் போதல," என்றாள் அவள். குரலை உயர்த்தவில்லை. பணிப்பெண் தட்டைத் துடைக்கப் போனாள்.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அவள் எதுவும் செய்வதில்லை, வயலிலிருந்து வந்து களைத்துப் படுத்துவிடுகிறாள், நம்மிடம் செய்ததாகச் சொல்கிறாள், இவர்கள் எல்லோரும் இப்படித்தான் என்றார். இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம், நிற்காவிட்டால் செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிவிடலாம் என்றும் சொன்னார். தப்பான யோசனை அல்ல. நடைமுறைப்படி அடுத்த படி அதுதான். அதை அவளிடம் நான்தான் சொன்னேன். அவள் சின்னவளை இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"பெரியவளையும் அங்கதாம்மா அனுப்பிச்சாங்க. ரொம்ப லேட்டா வந்துட்டேன்னு சொல்லித் திருப்பி அனுப்பிட்டாங்க."

அன்று அவள் போன பிறகு யோசித்தேன். பொய் சொல்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மாத்திரையை ஏரியில் போட்டுவிட்டு விழுங்கினேன் என்பார்கள். அவர்கள் எல்லோரும் சொல்கிற பொய், குணமாகிவிட்டது என்பதுதான். நம்மைச் சந்தோஷப்படுத்தி அனுப்பிவிடப் பார்ப்பார்கள். இவள் சொன்னது அப்படி இல்லை. திரி காய்ந்து வருகிறது, ஆனால் காது வழிகிறது என்றாள். பொய் சொல்ல நினைப்பவள் ஒட்டாத இரண்டு விஷயங்களைச் சேர்த்துச் சொல்ல மாட்டாள். ஒரே காது. ஆள் பார்த்து வழிகிற வழக்கம் காதுக்குக் கிடையாது. அவள் பொய் சொல்லவில்லை என்றால் அவள் திரி பொய் சொல்கிறது.

தடுப்பூசி போட அந்தக் காலனிக்குப் போக வேண்டிய நாள் வந்தது. பணிப்பெண்ணையும் அழைத்துக்கொண்டு போனேன். ஊசி வேலை முடிந்ததும், அந்தத் தாய் மத்தியானக் கஞ்சிக்கு வயலிலிருந்து திரும்புகிற நேரம் பார்த்து அவள் வீட்டு வாசலில் நின்றேன். முழங்கால் வரை சேறோடு வந்தாள். நான் வந்ததற்குக் காரணம் கேட்கவில்லை. கையைக் காலைக் கழுவிக்கொண்டு, "பண்ணிக் காட்டட்டுமா?" என்றாள். சந்தேகத்தின் பேரில் வந்திருக்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு அது பிடித்தது.

கையை மறுபடி சோப்புப் போட்டுக் கழுவினாள். துணியில் துடைக்காமல் உதறிக் காயவிட்டாள். அதை நான் ஒரு தடவைதான் சொல்லியிருந்தேன். கூரையில் செருகியிருந்த பால் பவுடர் டப்பாவை எடுத்தாள். மூடியைத் திறந்து என்னிடம் நீட்டினாள். உள்ளே வரிசையாகத் திரிகள். கொதிக்க வைத்து, காயவைத்து, நுனி கூராக முறுக்கி, ஒன்றையொன்று தொடாமல் அடுக்கி வைத்திருந்தாள். எங்கள் கட்டுப் போடும் அறையில் கூட அவ்வளவு ஒழுங்கு இருந்ததில்லை. பணிப்பெண்ணும் எட்டிப் பார்த்தாள்.

சின்னவளை மடியில் ஒருக்களித்துப் போட்டு, மடலைக் கீழே இறக்கிப் பின்னால் இழுத்தாள். சரியான பிடி. டாக்டரே சில நாள் மேலே இழுப்பார். திரியை விட்டாள், நிறுத்தினாள், எடுத்தாள். என் கண்ணுக்கு நேரே பிடித்தாள். திரி காய்ந்திருந்தது. நுனியில் லேசாகப் பளபளப்பு, அவ்வளவுதான்.

என் பையிலிருந்து பஞ்சை எடுத்து முறுக்கி அதே காதில் விட்டேன். நனைந்து வந்தது.

அவள் இரண்டு திரிகளையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் முகத்தில் நான் பார்த்தது பயம். தன் கையிலேயே ஏதோ கோளாறு இருக்கிறது என்று அவள் நினைத்திருக்க வேண்டும். நான் டப்பாவிலிருந்து ஒரு திரியை எடுத்து முறுக்கைப் பிரித்தேன். மெல்லிய துணி. வெளிர் நீலத்தில் சின்னச் சின்ன வெள்ளைப் பூ. விரலில் வழுக்கியது.

"இது எந்தத் துணிம்மா?"

"எங் கண்ணாலத்துக்கு எடுத்த பொடவ. நைலெக்ஸு. வூட்ல கீற துணியிலயே இதாம்மா சுத்தம். ரெண்டு வாட்டிதான் கட்னேன். மத்ததெல்லாம் சேத்துல உயன்ட துணி. அத்தப் போய் கொயந்த காதுல வுடறதா?"

அந்த வருடங்களில் நைலான் இழையில் நெய்த நைலெக்ஸ் புடவை என்றால் காஞ்சிபுரம் பட்டுக்கு அடுத்த அந்தஸ்து. காலனியில் கல்யாணத்துக்கு ஒன்று எடுத்துவிட்டால் பெண்ணுக்கு வாழ்நாள் முழுக்க அதுதான் நல்ல புடவை. துவைத்தால் நிமிடத்தில் காயும். சேறு ஒட்டாது. தண்ணீரும் ஒட்டாது. ஒட்டாது என்பதுதான் விஷயம். அந்தப் புடவையின் உள்முனையிலிருந்து ஒரு முழத் துணியை நறுக்கி, உலகத்திலேயே சுத்தமான திரியை அவள் செய்திருந்தாள். அது எத்தனை நாள் சீழுக்குள் கிடந்தாலும் காய்ந்துதான் வரும். அரசாங்க அட்டை கேட்டது சுத்தமான துணி. அவள் கொடுத்ததும் அதுதான். உறிஞ்சுகிற துணி வேண்டும் என்று அட்டையை எழுதியவருக்குத் தோன்றவில்லை, ஏனென்றால் சென்னையில் அவர் மேசைமேல் இருந்தது பஞ்சு.

விளக்கம் சொல்வதைவிடக் காட்டுவது சுலபம். ஒரு சொட்டுத் தண்ணீரை நைலெக்ஸ் துண்டின் மேல் விட்டேன். அது உருண்டு திரண்டு, முத்து மாதிரி உட்கார்ந்தது. துண்டைச் சாய்த்ததும் உருண்டு தரையில் விழுந்தது. பழைய பருத்தித் துணி ஏதாவது கொடு என்றேன். அவள் தயங்கினாள். தயக்கத்துக்குக் காரணம் கொடியில் தொங்கியது. அவள் கணவனின் பழைய வேட்டி, கிழிந்த பிறகு கோவணமாகப் பதவியிறக்கம் ஆகியிருந்தது. அதன் ஓரத்தில் ஒரு சொட்டு விட்டேன். விழுந்த இடம் தெரியாமல் உள்ளே போய்விட்டது.

"ஐயே," என்றாள் அவள். "அவுரு கோவணத்த கொயந்த காதுல வுடச் சொல்றியா நீ?"

பணிப்பெண் இவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்துவிட்டது. உன் வூட்டுக்காரருக்கு இதைவிடப் பெரிய மரியாதை இனிமேல் கிடைக்கப்போவதில்லை, போய்ச் சொல் என்றாள். கொதிக்க வைத்து வெயிலில் போட்டால் அதன் பழைய உத்தியோகம் போய்விடும், வெறும் பருத்திதான் மிஞ்சும் என்று நான் சொன்னேன். துவைத்துத் துவைத்து நைந்த துணிதான் நன்றாக உறிஞ்சும், கடையில் வாங்கிய புதுத் துணிகூட இதற்கு ஈடாகாது. அவள் சிரிக்கவில்லை. நைலெக்ஸ் துண்டை விரலில் சுற்றிக்கொண்டே நின்றாள்.

"இத்த மொதல்லயே சொல்லியிருந்தா எம் பொடவ தப்பிச்சிருக்கும்," என்றாள். பிறகு, "பொடவ போனாப் போவுது. நாள் போச்சே. இன்னும் நேரம் கீதா?"

அதுதான் கேள்வி. எனக்குப் பதில் தெரியாது என்பதால், திரியை எடு என்றேன்.

அன்று அவள் விட்ட முதல் பருத்தித் திரி நுனியிலிருந்து பாதி வரை நனைந்து வந்தது. இரண்டாவதும் அப்படித்தான். நனைந்த திரியைப் பார்த்து ஒரு தாய் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. சீழ் வந்ததற்காக அல்ல, தன் கை சரியாக இருக்கிறது என்று தெரிந்ததற்காக.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனதும் சுவரில் தொங்கிய அட்டையில், சுத்தமான என்ற சொல்லுக்குப் பக்கத்தில், பழைய பருத்தி என்று சிவப்பு மையில் எழுதினேன். அரசாங்கச் சொத்தில் எழுதியதற்கு விளக்கம் கேட்க மேலதிகாரிகள் யாராவது வருவார்கள் என்று காத்திருந்தேன். யாரும் வரவில்லை. ஆனால் அன்றிலிருந்து என்னிடம் திரி கற்றுக்கொண்ட ஒவ்வொரு பெண்ணும் துணியின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள். இந்தச் சொட்டுச் சோதனை எந்தப் புத்தகத்திலும் இல்லை. அது ஏரிக்கரைக்குக் கீழே ஒரு வீட்டு வாசலில் உண்டானது. அதற்கு உரிமை கொண்டாடுவதென்றால் எனக்குப் பாதி, அவளுக்குப் பாதி.

நட்ட பயிர் பச்சை பிடித்த சமயத்தில் காது காய்ந்துவிட்டது. சீழ் வாடை போனது. கன்னத்துப் பொருக்கு போனது. டாக்டர் டார்ச்சடித்துப் பார்த்துவிட்டு ஓட்டை மூடிக்கொண்டு வருகிறது என்றார். செங்கல்பட்டுக்கு எழுதவில்லை. அவள் இன்னும் நிம்மதியாகவில்லை. வழிவது நிற்பது வேறு, கேட்பது வேறு என்று அவளுக்குத் தெரியும். பெரியவளுக்கும் ஒரு நாள் வழிவது தானாக நின்றிருந்ததாம்.

கேட்கிறதா என்று பார்க்க ஒரு நாள் குறித்துக் கொடுத்தேன். அன்று அந்த நைலெக்ஸ் புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள். நறுக்கிய முனையை மடித்துத் தைத்து உள்ளே செருகியிருந்தாள். முந்தானை முதுகில் பாதியிலேயே நின்றது.

"இன்னாமே, பொடவ ஒரு மொழம் கொறையுது?" என்றாள் பணிப்பெண்.

"கொறஞ்சது எம் பொண்ணு காதுக்குள்ள கீது. தேடிப் பாரு."

குழந்தையின் காதைச் சோதிப்பதற்கும் நடைமுறை உண்டு. குழந்தை தாய் மடியில் முன்னால் பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டும். நல்ல காதை ஒருவர் விரலால் மூடிக்கொள்ள வேண்டும். சத்தம் பின்னாலிருந்து வர வேண்டும். நம் நிழல் அதன் முன்னால் விழக் கூடாது, காற்று படக் கூடாது, தரை அதிரக் கூடாது. கெட்டிக்காரக் குழந்தைகள் கேட்காமலேயே திரும்பிவிடும். தாய் அதைக் கேட்டதாக நினைத்துக்கொள்வாள். அதனால் ஜன்னலைச் சாத்தினேன். குழந்தையின் கையில் கொஞ்சம் பொரியைக் கொடுத்தேன். இடது காதை நான் மூடிக்கொண்டேன். பணிப்பெண் செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்னால் போய், தீப்பெட்டியில் போட்ட புளியங்கொட்டையை ஆட்டினாள்.

குழந்தை பொரி தின்றது.

இன்னும் கொஞ்சம் பலமாக ஆட்டினாள். குழந்தை பொரி தின்றது. தாய் என்னைப் பார்த்தாள். நான் முகத்தில் எதையும் காட்டவில்லை. அதற்கும் பயிற்சி உண்டு. டாக்டர் எழுந்து வந்து கதவருகில் நின்றார்.

பெரியவள் இதிலெல்லாம் சேராமல் வெளியே நின்றிருந்தாள். நாங்கள் என்ன செய்கிறோம் என்று அவளுக்குத் தெரியாது. பொரி தீர்ந்துவிடும், தனக்கு மிஞ்சாது என்பது மட்டும் தெரிந்தது. கதவிடுக்கில் தலையை நீட்டி, பின்னாலிருந்து தங்கையைக் கூப்பிட்டாள். கூப்பிட்டாள் என்றால், தன்னிடம் இருந்த ஒரே சத்தத்தால். தொண்டைக்குள்ளிருந்து வரும் ஒரு "ஆம்". வீட்டில் அவள் தங்கையைக் கூப்பிடுவது அப்படித்தானாம். மெதுவாகத்தான் கூப்பிட்டாள்.

சின்னவள் மெல்லுவதை நிறுத்தினாள். தலையைத் திருப்பினாள். என் விரலை உதறிவிட்டு, முழு உடம்பையும் திருப்பி, பொரி இருந்த கையை நீட்டினாள்.

டாக்டர் சரியாகிவிட்டது என்றார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு தடவை திரும்புவது தற்செயலாக இருக்கலாம். மறுபடியும் முன்னால் பார்க்க உட்கார வைத்தேன், காதை மூடினேன், பெரியவளுக்கு ஜாடை காட்டினேன். அவள் கூப்பிட்டாள், இவள் திரும்பினாள். மறுபடியும் கூப்பிட்டாள், மறுபடியும் திரும்பினாள். புளியங்கொட்டை அந்தக் குழந்தைக்கு ஒரு பொருட்டே அல்ல. அக்காள் கூப்பிட்டால்தான் திரும்ப வேண்டும் என்று அதற்கு ஒரு கொள்கை இருந்தது. காது கேட்காத பெண்ணை வைத்துக் காதைச் சோதித்த ஆஸ்பத்திரி இந்த மாநிலத்தில் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

தாய் அழவில்லை. புடவை முனையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அது எதையும் உறிஞ்சவில்லை.

பெரியவளின் ஒரு காதும் உள்ளே ஈரமாக இருந்தது பிறகு தெரிந்து, அதையும் தாயே உலர்த்தினாள். போன கேட்கும் திறன் திரும்பி வரவில்லை. இருந்த கொஞ்சம் அப்படியே நின்றது. அதை நான் வேறு விதமாகச் சொல்லப் போவதில்லை.

சோதனை செய்த அன்று அவர்கள் கிளம்பியதும் ஜன்னலைத் திறந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து சாலை வரை நேர் பாதை. சின்னவளை நடக்கவிட்டு, பெரியவளைக் கையில் பிடித்துக்கொண்டு தாய் பின்னால் போனாள். கொஞ்சம் தள்ளிப் போய், பின்னாலிருந்து கூப்பிட்டாள். குழந்தை நின்று திரும்பிப் பார்த்தது. இன்னும் கொஞ்ச தூரம் போக விட்டு, இன்னும் மெதுவாகக் கூப்பிட்டாள். திரும்பியது. சாலை வருகிறவரைக்கும் இதையே செய்துகொண்டு போனாள். ஒவ்வொரு தடவையும் குரலைக் குறைத்தாள். கடைசியில் அவள் கூப்பிட்டது ஜன்னலில் நின்ற எனக்குக் கேட்கவில்லை. குழந்தை திரும்பிப் பார்த்தது.

அறைக்குள் அடுத்த குழந்தை அழுதுகொண்டிருந்தது. வந்து கையைக் கழுவிக்கொண்டு, அதன் காது மடலைக் கீழே இறக்கிப் பின்னால் இழுத்தேன்.